வேட்டி மடிப்பில் வந்த வண்டு

வண்டு தேடற வேலைக்குப் போறவனை ஊர்க்காரங்க மொதல்ல திருடன்னு நினைப்பாங்க, கொஞ்ச நேரத்துல பைத்தியம்னு முடிவு பண்ணுவாங்க, கடைசியில கவர்மெண்டா இருக்குமோன்னு சந்தேகப்படுவாங்க. அந்தக் கடைசிதான் ஆபத்து.

நோட்டும் பையுமா ஊர் ஊரா அலையற ஆளுங்களுக்குத்தான் இதை எழுதறேன். கணக்கெடுக்கப் போறவங்க, மீட்டர் பாக்கறவங்க, சர்வே பாரம் நிரப்பறவங்க எல்லாரும் கிட்ட வாங்க. மத்தவங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க. கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு "நாய் இருக்குதுங்களா?"ன்னு கத்தின அனுபவம் உங்களுக்கு இருக்கும், நீங்க சிரிக்க மாட்டீங்க.

நான் பொறவியிலேயே பயந்தாங்கொள்ளி. விலங்கியல் படிச்சுட்டு வேலை கெடைக்காம இருந்தப்ப, பெரம்பலூர்ல ஒரு காலேஜ் மேடம் வண்டு ஆராய்ச்சிக்கு ஆள் தேடினாங்க. போய்ச் சேந்துட்டேன். அது ஒரு கூன்வண்டு. அரிசியில மூக்கு நீட்டிக்கிட்டுத் திரியுமே, அதோட சாதிசனம். ஆனா இது காட்டுச் செடியில இருக்கும், உளுந்து அளவு, சாம்பல் நிறம். முதுகு ஓடு ஒட்டிப்போனதால பறக்கத் தெரியாது. வளந்த வண்டு இலையோரத்தைக் கொறிக்கும், அதோட புழு மண்ணுக்குள்ள இருந்து வேரைத் தின்னும். தமிழ்ல அதுக்குப் பேரே கிடையாது. ரொம்ப காலத்துக்கு முன்னாடி யாரோ புடிச்சு ஊசியில குத்தி வச்ச ஒண்ணுதான் ஆதாரம். கூட இருக்கற சீட்டுல "திருச்சி ஜில்லா"ன்னு மட்டும் எழுதியிருக்காம். அப்ப பெரம்பலூரும் அரியலூரும் திருச்சியோடதானே இருந்துச்சு. அதனால இந்த ரெண்டு மாவட்டத்துலயும் அது எந்தெந்த ஊர்ல இருக்குதுன்னு கண்டுபுடிச்சு மேப்புல புள்ளி வைக்கணும்.

இதுல பயப்பட என்ன இருக்குன்னு கேப்பீங்க. ஆண்டிமடத்துக்குப் பக்கத்துல மலர்க்கொடின்னு ஒரு அக்கா முந்திரி ஒட்டுக்கன்னுப் பண்ணை வச்சிருக்காங்க. அந்தப் பண்ணை என்னால அழியப்போகுதோன்னு மூணு வாரம் சோறு தண்ணி இறங்காம நடுங்கினேன். அந்த நடுக்கம் எப்படி வந்துச்சுங்கறதுதான் கீழ துண்டு துண்டா இருக்கு.

சூனியம்

மேடம் குடுத்த சாமான் கொஞ்சம்தான். ஒரு வெள்ளை வேட்டி, ஒரு மூங்கில் குச்சி, ரப்பர் குழாய் மாட்டின ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டில். செடிக்கு அடியில வேட்டியை விரிக்கணும். குச்சியால கிளையைத் தட்டணும். வண்டு விழுந்தா குழாயை வாயில வச்சு உறிஞ்சணும், அது பாட்டிலுக்குள்ள போய் விழும். (நடுவுல வலை இருக்கு, வாய்க்குள்ள வராது. நானும் மொத நாளே கேட்டுட்டேன்.) ஒரே ஒரு சிக்கல். இந்த வண்டு விழுந்த ஒடனே காலை மடக்கிக்கிட்டு செத்த மாதிரி கிடக்கும். மண்ணுப்பொடிக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது. பத்து நிமிஷம் அசையாம உக்காந்து பாத்தா, மெதுவா ஒரு காலை நீட்டும். "பொறுமையா உக்காருப்பா, அவசரப்பட்டு சுருட்டிடாத"ன்னு மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.

பூலாம்பாடியைத் தாண்டி மலையடிவாரத்துல ஒரு சோளக்காட்டு வேலி. அங்கதான் அதை மொதமொதல்ல பாத்தேன். ஒண்ணு காலை நீட்டுச்சு, உறிஞ்சினேன். இன்னொண்ணு நீட்டுச்சு. தலையைத் தூக்கினா எதுக்க நாலு பேரு நிக்கறாங்க. கையில அருவா. புல்லறுக்க வந்தவங்கதான், ஆனா அருவா அருவாதானே! ஒருத்தன் வெள்ளைத்துணியை விரிச்சு வச்சு, அதையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு, வாயில குழாயோட உக்காந்திருந்தா அவங்க என்னன்னு நினைப்பாங்க? "பாட்டிலுக்குள்ள எதையோ அடைக்கறான் பாரு"ன்னு ஒரு அம்மா சேலைத்தலைப்பால வாயை மூடிக்கிட்டாங்க.

"வ... வண்டுங்க"ன்னேன். வேட்டியை இருந்தபடியே சுருட்டிப் பையில திணிச்சுக்கிட்டு எந்திரிச்சேன். பத்து நிமிஷமாவது ஒண்ணாவது! ரெண்டு எட்டு வச்சிருப்பேன், அந்த நாலு பேர்ல பெரியவர் ஒருத்தர் கையைப் புடிச்சு நிறுத்தினாரு. உசுரு போயிடுச்சுன்னே நினைச்சேன். அவர் கொரலைத் தாழ்த்திச் சொன்னாரு:

"சூனியம் வைக்கறதா இருந்தா வரப்புக்கு அந்தப் பக்கம் வைப்பா. எங்களுக்கு ஆகாதவன் அவன்தான்."

டிக்கெட்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, எங்க போனாலும் பஸ்ஸுதான். பையை மடியில வச்சுக்கிட்டு சன்னலோரம் உக்காந்து மூச்சு வாங்கிட்டு இருந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா திடீர்னு நகந்து உக்காந்தாங்க. "தம்பி, ஒங்க தோள்ல என்னமோ ஊருது"ன்னாங்க. பாத்தா நம்ம சாம்பல் வண்டு! பையில இருந்து ஏறி வந்திருக்கு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. அவசர அவசரமா குழாயை எடுத்து ஓடற பஸ்ஸுல தோளை உறிஞ்சினேன். பின்னாடி சீட்டுல ஒரு கொழந்தை வீல்னு அழுதுச்சு.

ஓடி வந்தும் ஒண்ணு கூடுதலாக் கெடச்சுதேன்னு சிரிச்சுக்கிட்டேன். பையில இருந்து இது வந்துச்சே, இன்னும் எத்தனை உள்ள இருக்கும்னு அப்ப ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். யோசிக்கல. கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்த கண்டக்டர் பாட்டிலை ஒரு தரம் பாத்தாரு, என்னை ஒரு தரம் பாத்தாரு:

"இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா சார்?"

கடிக்காத நாய்

மறுநாள் குன்னம் பக்கம் ஒரு பருத்திக்காடு. அதே வேட்டியை எடுத்து வரப்புல ஒரு உதறு உதறி, ஓரத்துல இருந்த புதருக்கடியில விரிச்சு, தட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வேட்டி மேல ரெண்டு வண்டு நடந்து போகுது. மேடத்துக்குப் போன் போட்டேன். "குன்னத்துலயுமா! அட்ரா சக்கை!"ன்னு மேடம் அந்தப் பக்கம் குதிச்சிருப்பாங்கபோல, நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. இத்தனை சீக்கிரம் எழுந்திரிச்சு நடக்கற வண்டு இல்லையே இதுன்னு எனக்குத் தோணிருக்கணும். ஆனா அதுக்குள்ள நாய் வந்துடுச்சு.

கருப்பு நாய். கொலைக்கவே இல்ல. கொலைக்கற நாயை நம்பலாம். இது தலையைத் தாழ்த்திக்கிட்டு, ஒவ்வொரு காலா எடுத்து வச்சு வருது. நான் வேட்டியோட நாலு மூலையையும் கூட்டிப் புடிச்சுப் பின்னாலேயே நடந்தேன். குச்சியைக் கீழ போட்டுட்டேன். தூரத்துல காட்டுக்காரர் மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் கும்பிடாத குறையா கூப்பிட்டதுக்கு, அவர் வேலையை நிறுத்தாமலே கத்தினாரு:

"பயப்படாதீங்க சார், அது பழகினவங்களைத்தான் கடிக்கும்!"

கல்லு

அதுக்கு அடுத்த வாரம் செந்துறைப் பக்கம் ஒரு முந்திரிக் கொல்லை. அங்கயும் வண்டு கெடச்சுது. நோட்டை எடுத்து எழுதிட்டு இருக்கறேன், மூணு பைக்குல ஆறு பேரு வந்து சுத்தி நின்னாங்க. இந்தப் பக்கம் பூமிக்கு அடியில சுண்ணாம்புக்கல்லு இருக்கு. நோட்டோட ஒருத்தன் கொல்லையில நடந்தா, அடுத்து சிமெண்டுக்காக நிலத்தை எடுக்க வருவாங்கன்னு அர்த்தம். இது எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் இன்னும் பயமா இருந்துச்சு, ஏன்னா அவங்க பயம் நிஜமான பயம்.

ஒருத்தர் நோட்டைப் புடுங்கி சத்தமா படிச்சாரு. "பூலாம்பாடி, உண்டு. குன்னம், உண்டு. செந்துறை, உண்டு." படிச்சுட்டு என் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னாரு. "என்னய்யா உண்டு? கல்லா?" நான் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். பாட்டிலை ஆளாளுக்கு வாங்கிப் பாத்தாங்க. அதுல ஒருத்தரு மட்டும் பாட்டிலைப் பாக்கவே இல்ல. என் கண்ணையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

கடைசியில நம்பினாங்களோ, பாவம்னு விட்டாங்களோ தெரியாது. நோட்டைத் திருப்பிக் குடுத்தாங்க. நான் வேட்டியைச் சுருட்டி அக்குள்ல இடுக்கிக்கிட்டு ரோட்டுக்கு நடந்தேன். நடந்தேன்னு மரியாதைக்குச் சொல்றேன். பின்னாடி இருந்து அந்தக் கண்ணையே பாத்தவரு கூப்பிட்டுச் சொன்னாரு:

"வண்டு இருக்குன்னு எழுதுங்க, இல்லேன்னு எழுதுங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. எங்க கொல்லைக்குக் கீழ கல்லு இருக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க சார், புள்ளகுட்டிக்காரங்க நாங்க."

மலர்க்கொடி அக்கா

மறுநாள்தான் ஆண்டிமடம் போனேன். நிழல்வலைக்கு அடியில பாத்தி பாத்தியா கருப்புப் பையில முந்திரி ஒட்டுக்கன்னு. மலர்க்கொடி அக்கா ஊரார் கொல்லையில கூலிக்கு ஒட்டுக் கட்டப் போனவங்க. அங்கயே தொழிலைக் கத்துக்கிட்டு, இப்ப சொந்தமா பண்ணை போட்டு நாலு பொம்பளைங்களுக்கு வேலை குடுக்கறாங்க. விதை போட்டு, ஒட்டுக் கட்டி, தளிர் விட்டு, மழைக்கு விக்கற வரைக்கும் ஒவ்வொரு கன்னையும் கையால தொட்டுத் தொட்டு வளத்தது. என்னைப் பாத்து சந்தேகப்படாத ஒரே ஆளு அவங்கதான். வாங்க உக்காருங்கன்னு மோர் குடுத்தாங்க. அழுக்கேறின என் வேட்டியைப் பாத்துத்தான் சிரிச்சுட்டாங்க. "பூச்சி புடிக்கற வேட்டியா சார் இது? இதுல உக்காரப் பூச்சியே யோசிக்குமே!"

எனக்கு வெக்கமாப் போச்சு. எந்திரிச்சுப் போய் ஓரத்துப் பாத்திக்குப் பக்கத்துல நின்னு வேட்டியை நல்லா உதறினேன். மடிப்பு மடிப்பா விரிச்சு, திருப்பிப் போட்டு, இன்னொரு தரம் உதறினேன். அப்புறம் ஒட்டுக்குக் குச்சி எடுக்கற தாய் மரத்துக்கடியில விரிச்சு, தட்டி, நிழல்ல நிம்மதியா முழுசா பத்து நிமிஷம் உக்காந்தேன். ஒண்ணும் இல்ல. "ஆண்டிமடம், இல்லை"ன்னு எழுதினேன். அக்கா எட்டிப் பாத்துட்டு, எனக்குத் தெரியாத ஒரு பாரம் எறங்கின மாதிரி பெருமூச்சு விட்டாங்க. கிளம்பும்போது கூடவே ரோடு வரைக்கும் வந்து சொன்னாங்க:

"என்னைக்காவது எங்க பண்ணையில அது இருக்குன்னு தெரிஞ்சா, மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க சார். மேப்புக்கு அப்புறம் சொல்லிக்கலாம்."

மேப்பு

ரெண்டு மாசத்துல எழுபது எண்பது எடம் தட்டியாச்சு. மேடம் ரூம்ல பெரிய மேப்பை மாட்டி, வண்டு இருந்த எடத்துல எல்லாம் சிவப்புக் குண்டூசி குத்தினாங்க. எல்லாம்னா மூணே மூணு. பூலாம்பாடி, குன்னம், செந்துறை. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாங்க. "பறக்காத வண்டு. மலையடிவாரத்துல இருக்கு, சரி. நடுவுல எங்கயும் இல்லாம குன்னத்துக்கும் செந்துறைக்கும் எப்படிப்பா போச்சு?"ன்னு கேட்டாங்க. நான் நோட்டைப் புரட்டினேன்.

வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என் சம்சாரம் வேட்டியைத் துவைச்சுக் காயப்போடும். துவைச்ச வேட்டியோட போன எடத்துல எல்லாம் "இல்லை." பூலாம்பாடியில சுருட்டிக்கிட்டு ஓடினேன், மறுநாள் குன்னத்துல "உண்டு." குன்னத்துல நாய்க்குப் பயந்து மூட்டையாக் கட்டின வேட்டியைச் சாப்பிடப் போன எடத்துல மறந்து வச்சுட்டு, அடுத்த வாரம் வாங்கிக்கிட்டு நேரா செந்துறை போனேன், அங்க "உண்டு." செத்த மாதிரி கிடந்த வண்டை எல்லாம் நான்தான் மடிப்புல வச்சு எடுத்துட்டுப் போயிருக்கேன். செந்துறையில ஆறு பேருக்கு நடுவுல சுருட்டினேனே, அடுத்த பக்கம் என்ன? ஆண்டிமடம். மலர்க்கொடி. "இல்லை." எப்படி இருக்கும்? விரிக்கறதுக்கு முன்னாடியே பாத்தியோரமா நின்னு ரெண்டு தரம் உதறிட்டேனே!

சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். வேலை போயிடும். பேரு கெட்டுடும். அந்த அக்கா மூஞ்சி கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன். மேடம் என் வேர்வையைக் கவனிக்காம, மேப்பைப் பாத்துச் சிரிச்சாங்க:

"பறக்கத் தெரியாதது பஸ் ஏறிப் போயிருக்கும்போல!"

பொறுக்கல்

மறுநாளே துவைச்ச வேட்டியோட கிளம்பினேன். மொதல்ல பூலாம்பாடி. எங்க தட்டினாலும் விழுது, அதுதான் அதோட சொந்த ஊரு. குன்னம் போனா, நான் உதறின வரப்புலயும் பக்கத்துப் புதர்லயும் மட்டும் இருக்கு, பத்தடி தள்ளி ஒண்ணும் இல்ல. செந்துறையிலயும் அதே கதை. சந்தேகத்துக்கு எடமே இல்லாம நான்தான். ஒவ்வொரு புதரா முட்டிபோட்டுப் பொறுக்கினேன். மண்ணைக் கிளறி, சலிச்சு, புழுவைத் தேடினேன். ரெண்டு வாரம் இதே பொழப்பு. ராத்திரி கண்ணை மூடினா அந்தக் கருப்புப் பைங்களுக்குள்ள வெள்ளைப் புழு நெளியுது.

ஆண்டிமடம் மட்டும் போகல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ரெண்டு தரம் திரும்பிட்டேன். போகாத வரைக்கும் அங்க ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுக்கலாம் பாருங்க, அந்தக் கேவலமான நிம்மதி. குன்னத்துல நான் நாலாவது நாளா முட்டிபோட்டுக் கிடந்ததைப் பாத்துட்டு, அந்த நாய்க்காரர் இடுப்புல கை வச்சு நின்னாரு:

"போன தடவ தட்டுனீங்க, இப்ப பொறுக்கறீங்க, அடுத்த தடவ வறுக்கறதுக்குச் சட்டியோட வருவீங்களா சார்?"

அதே மண்ணு

மூணாவது வாரம் அக்காவே போன் பண்ணாங்க. "கொஞ்சம் வந்து பாருங்க சார்"ன்னு மட்டும் சொன்னாங்க. போனேன். ஓரத்துப் பாத்தியில இலையோரமெல்லாம் ரம்பம் வச்சு அறுத்த மாதிரி கொறிச்சுக் கிடக்கு. ஒரு கன்னைப் புடிச்சுத் தூக்கினாங்க, வேரே இல்லாம கையோட வந்துச்சு. "எல்லாம் என் தம்பி குமரேசன் பண்ண வேலை"ன்னாங்க. கன்னுப் பையில போடற செம்மண்ணை டிராக்டர்ல கொண்டு வந்து கொட்டினது அவருதானாம். எங்கயோ கண்ட எடத்துல அள்ளிட்டு வந்துட்டான்னு ஆளுங்களுக்கு முன்னாடியே அக்கா திட்டியிருக்காங்க. தெனம் மத்தியானம் அக்கா வூட்டுச் சோறுதான் அவருக்கு. அன்னையில இருந்து அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கல.

நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவே இல்லைங்க. வண்டு தெரிஞ்ச சார் வந்துட்டாருன்னு என்னையே நடுவுல உக்கார வச்சாங்க. ரெண்டு நாளு, ஒவ்வொரு பையா அவுத்து, மண்ணைக் கொட்டி, வேரைத் தண்ணியில அலசிப் பாத்தோம். ஓரத்துப் பாத்தி முழுக்கப் புழு. அத்தனையும் குழியில போட்டுக் கொளுத்தினாங்க. தளிர்விட்ட பச்சைக் கன்னு சட்டுனு எரியாம புகைஞ்சுக்கிட்டே கிடந்துச்சு. பக்கத்து ரெண்டு பாத்தியில புழு இல்ல, ஆனாலும் இந்த மழைக்கு அதை விக்க மாட்டேன்னுட்டாங்க அக்கா. "வாங்கிட்டுப் போறவன் கொல்லைக்கும் இது போச்சுன்னா?"ன்னாங்க. ஒரு வருஷப் பாடு, அப்படியே நிக்குது.

ரெண்டாம் நாள் சாயங்காலம் அக்கா கை கழுவினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க:

"அதே டிராக்டர் மண்ணுதான் சார் எல்லாப் பாத்தியிலயும். இந்த ஒண்ணுல மட்டும் எப்படி?"

போன்

பஸ் ஏறிப் போயிட்டேன் அன்னைக்கு. "பாக்கணுங்க அக்கா"ன்னு சொல்லிட்டு எப்பவும் போல ஓடிட்டேன். மறுநாள் காலையில முதல் பஸ்ஸுக்கே திரும்பி வந்தேன். தைரியம் வந்துச்சுன்னு நினைக்காதீங்க. அவங்க அந்தக் கேள்விக்குத் தானாவே பதில் கண்டுபுடிச்சுடுவாங்கங்கற பயம் மத்த பயத்தையெல்லாம் முந்திக்கிச்சு, அவ்வளவுதான். அக்கா கருப்புப் பையில மண்ணு நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. நின்னபடியே சொன்னேன். வேட்டி, மடிப்பு, செந்துறை, உதறினது, எல்லாம். அக்கா கை மண்ணுல அப்படியே நின்னு போச்சு.

"எப்பலேர்ந்து தெரியும்?"னு கேட்டாங்க. "மூணு வாரமா"ன்னேன். "மூணு வாரமா"ன்னு அவங்களும் ஒரு தரம் சொல்லிப் பாத்தாங்க. கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். "வண்டு வாயில்லாச் சீவன் சார், அது செத்த மாதிரிதான் கிடக்கும். ஒங்களுக்கு வாய் இருந்துச்சுல்ல? நீங்க பேசியிருந்தா நான் என் தம்பியைத் திட்டியிருப்பனா?"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. தொடச்சுக்கக்கூடத் தோணல. அவங்க தன் போனை எடுத்து நம்பரைப் போட்டு என் கையில குடுத்தாங்க. "கன்னு கதையை அப்புறம் பாப்போம். நான் கூப்பிட்டா எடுக்க மாட்டான், இருந்தாலும் போடுங்க. எடுத்தா நீங்களே சொல்லுங்க."

எடுத்தாரு. சொன்னேன். அந்தப் பக்கம் டிராக்டர் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுச்சு, அப்புறம் அதுவும் நின்னுச்சு. "அங்கயே இரு. வரேன்"னாரு. வச்சுட்டாரு. அதுக்கப்புறம் ஒரு முக்கால் மணி நேரம் இருக்கும், என் ஆயுசுல அதைவிட நீளமான நேரத்தைப் பாத்ததில்ல. ஜெயங்கொண்டம் பஸ் ரோட்டுல வந்து நின்னு ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு. இன்னொண்ணும் வந்துட்டுப் போச்சு. அக்கா என்னைப் போகவும் சொல்லல, உக்காரவும் சொல்லல. நான் எரிஞ்ச குழிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தேன். அப்புறம் டிராக்டர் சத்தம் கேட்டுச்சு.

குமரேசன் எறங்கினாரு. என்னைவிட ஒரு தலை ஒசரம். நேரா குழிக்கிட்ட போய் சாம்பலைப் பாத்தாரு. அப்புறம் எனக்கு முன்னாடி வந்து நின்னு, "நீதானா?"ன்னாரு. "ஆமாங்க"ன்னேன். ஒரு அறை நிச்சயம்னு கண்ணை மூடிக்கிட்டேன். செருப்புச் சத்தம் என்னைத் தாண்டிப் போச்சு. கண்ணைத் தொறந்தா தொட்டியில கைகால் கழுவிக்கிட்டு இருக்காரு. அக்கா தூணைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, கண்ணு கலங்கிப் போயிருக்கு. அவர் அக்கா மூஞ்சியைப் பாக்காமலே சொன்னாரு:

"பசிக்குதுக்கா, சோத்தைப் போடு. அந்தாளுக்கும் சேத்துப் போடு, நடுங்குறான் பாரு."

மேடம்கிட்டயும் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன், அவங்க ரெண்டு குண்டூசியைப் புடுங்கிட்டாங்க, இப்ப மேப்புல மிஞ்சியிருக்கறது பூலாம்பாடி மட்டும்தான். அதைத் தாண்டி வேற எந்த ஊர்லயாவது அந்தச் சாம்பல் வண்டை நீங்க பாத்தீங்கன்னா, அது எப்படி அங்க வந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்ணாதீங்க, எனக்கு ஒரு போன் போடுங்க, நானே வந்து ஒத்துக்கறேன்.